ஜெஃபர்சன் பக்கத்தில் ஏன் ஒரு யானை? தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர்த் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் மூன்றே விஷயங்கள்தான். அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கான கேள்விகள் 100இலிருந்து 128 ஆகிவிட்டதால், அதற்குத் தயார்செய்யும் நம் சனிக்கிழமை வகுப்பில் வரலாற்றுப் பகுதி இனி வேண்டாம். அதற்குப் பதில் குழு தயாரித்த இரண்டு பக்கத் தாளைக் கொடுத்தால் போதும். சங்கத்தின் வரிவிலக்குத் தகுதியைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால், வகுப்பில் கட்சி அரசியல் பேசக் கூடாது.

ஆறு வருடமாக அந்த வகுப்பை எடுத்துவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அது என் சொந்த வருத்தம், அதை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த இரண்டு பக்கத் தாளை விட முடியவில்லை. குழுவுக்கு இரண்டு முறை எழுதினேன், ஒரு முறை போன் செய்தேன். "அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம்" என்றீர்கள். மீட்டிங்குக்கு முன்பே 60 படிகள் அச்சாகி, நூலகத்தில் நாம் வகுப்பு நடத்தும் அறையின் அலமாரிக்கு வந்துவிட்டன. அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தாளின் முதல் பக்கத்தில் அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் படம், பக்கத்தில் ஒரு யானை. கீழே "குடியரசுக் கட்சியை நிறுவியவர்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. இன்றைய குடியரசுக் கட்சியின் சின்னம் யானை, சரி. ஆனால் அந்தக் கட்சி பிறந்தது 1854இல். ஜெஃபர்சன் இறந்தது 1826 ஜூலை 4ஆம் தேதி. தாமஸ் நாஸ்ட் என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்து அந்த யானை பிரபலமானது 1874இல். மனிதர் கண்ணை மூடி 48 வருடம் கழித்து வந்த யானையை அவர் பக்கத்தில் கட்டிவைத்திருக்கிறீர்கள். ஜெஃபர்சனும், அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசனும் 1790களில் திரட்டிய அணியும் தங்களை 'ரிப்பப்ளிகன்' என்றுதான் சொல்லிக்கொண்டது. குழப்பம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அந்த அணி உடைந்தபோது, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜாக்சன் பக்கம் போனவர்கள்தான் இன்றைய ஜனநாயகக் கட்சியைக் கட்டினார்கள். அதாவது யானை இருக்கும் இடத்தில் ஜனநாயகக் கட்சிச் சின்னமான கழுதையைப் போட்டிருந்தால்கூட ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம்.

இதையாவது கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். அடுத்தது அப்படி இல்லை.

நாட்டின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனைப் பற்றித் தாள் சொல்வது இது: "கூட்டாட்சிக் கட்சித் தலைவர். மாநில உரிமைகளுக்காகப் பாடுபட்டவர்." எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை, அந்தச் சொல் அவரை ஏமாற்றிவிட்டது. 'ஃபெடரலிஸ்ட்' என்பதைக் கூட்டாட்சி என்று மொழிபெயர்த்தால், தமிழில் அரசியல் கேட்டு வளர்ந்த காதில் அது மாநில சுயாட்சி என்றுதான் விழும். தமிழ்நாட்டில் கூட்டாட்சி பேசுகிறவர் டெல்லியிடமிருந்து அதிகாரம் கேட்கிறவர். ஹாமில்டன் அதற்கு நேர் எதிர். 1787 ஜூன் 18ஆம் தேதி, அரசியலமைப்பை வரைந்த பிலடெல்பியா மாநாட்டில் அவர் பேசிய நீண்ட பேச்சில், மாநில ஆளுநர்களை மத்திய அரசே நியமிக்க வேண்டும் என்றார். அங்கே ஆளுநர் என்றால் நம்ம ஊர் முதல்வர் மாதிரி. அந்த முதல்வரையே மத்திய அரசு நியமிக்கட்டும் என்று சொன்னவரை மாநில உரிமைப் போராளி ஆக்கியிருக்கிறோம். இந்தப் பெயர்க் குழப்பம் அன்றும் இருந்தது. அரசியலமைப்பை எதிர்த்தவர்கள், 'உண்மையான ஃபெடரலிஸ்டுகள் நாங்கள்தான், எங்கள் பெயரைத் திருடிவிட்டார்கள்' என்று குமுறினார்கள். நம் தாளைப் பார்த்திருந்தால் நியாயம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

இரண்டாம் பக்கத்தில் இருக்கிற ஒரு சொல் இதையெல்லாம்விடப் பெரிது. அரசியலமைப்பின் முதல் பிரிவு, எட்டாவது உட்பிரிவு, காங்கிரசின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், அதிகாரங்களை வரிசையாக அடுக்குகிறது. வரி போடலாம், கடன் வாங்கலாம், நாணயம் அடிக்கலாம், போர் அறிவிக்கலாம். கடைசி வரி, இந்த அதிகாரங்களை நிறைவேற்ற 'நெசசரி அண்ட் ப்ராப்பர்' ஆன சட்டங்களை எல்லாம் இயற்றலாம் என்கிறது. இதை உங்கள் தாள் "இன்றியமையாத, உரிய சட்டங்கள்" என்று தமிழாக்கியிருக்கிறது.

அந்த 'இன்றியமையாத' எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. ஏனென்று சொல்ல, போன வருடம் வகுப்பில் நடந்த ஒரு மாலையைச் சொல்ல வேண்டும்.

அன்று பதினொரு பேர். பெரும்பாலும் பிள்ளைகளோடு வந்து சேர்ந்த அறுபது வயதுக்காரர்கள். கரும்பலகையில் அந்த வரியை எழுதி, 'அவசியமான' என்று தமிழில் போட்டேன். முன்வரிசையில் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் ஒருவர். முப்பத்திரண்டு வருடம் கவுன்டரில் உட்கார்ந்தவர், எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டார். அவர் கேட்டார்: "தம்பி, இந்தப் பட்டியல்ல பேங்க் தொடங்கலாம்னு எங்க இருக்கு?"

"இல்லீங்க ஐயா."

"இல்லாம எப்படித் தொடங்கினாங்க?"

ஜார்ஜ் வாஷிங்டனும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார் என்றேன். நிதியமைச்சர் ஹாமில்டன் 1790 டிசம்பரில் ஒரு தேசிய வங்கிக்குத் திட்டம் கொடுத்தார். மூலதனம் 1 கோடி டாலர், அதில் ஐந்தில் ஒரு பங்கு அரசாங்கத்துடையது, உரிமம் 20 வருடத்துக்கு. 1791 பிப்ரவரி 8ஆம் தேதி கீழவையில் 39க்கு 20 என்று நிறைவேறியது. எதிர்த்துப் பேசியவர்களில் முதன்மையானவர் மேடிசன். கையெழுத்துப் போடலாமா என்று தடுமாறிய வாஷிங்டன் தன் அமைச்சர்களிடம் கருத்துக் கேட்டார். அட்டர்னி ஜெனரல் எட்மண்ட் ராண்டால்ஃபும் வெளியுறவைக் கவனித்த ஜெஃபர்சனும் கூடாது என்றார்கள். ஜெஃபர்சன் வாதம் எளிமையானது: வசதியானது வேறு, அவசியமானது வேறு. எது இல்லாவிட்டால் கொடுத்த அதிகாரமே வீணாகிப்போகுமோ அதுதான் அவசியம். வங்கி இல்லாமலும் வரி வசூலிக்கலாம், எனவே வங்கி அவசியமில்லை. ஹாமில்டன் அதைப் படித்துவிட்டு ஒரு நீண்ட பதில் எழுதினார். பேச்சு வழக்கில் அவசியம் என்றால் பயனுள்ளது, காரியத்துக்கு உதவுவது என்றுதானே பொருள், அதற்கு மேல் ஏன் இறுக்குகிறீர்கள் என்று கேட்டார். பிப்ரவரி 25ஆம் தேதி வாஷிங்டன் கையெழுத்திட்டார்.

இதைச் சொல்லி முடிக்கவில்லை, பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா: "எனக்குக் காலையில காபி அவசியம். டாக்டரைக் கேட்டா அவசியமே இல்லைம்பார். இதுல யாரு ஹாமில்டன், யாரு ஜெஃபர்சன்?"

ஆறு வருடத்தில் என் வகுப்பில் கேட்ட சிறந்த கேள்வி அது. அடுத்த அரை மணி நேரம் நான் வாயைத் திறக்கவே இல்லை. அறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. வங்கிக்காரர், வாழ்நாள் முழுக்க வங்கியில் வேலை பார்த்தவர், ஜெஃபர்சன் கட்சி. "எழுதாததைப் பண்ணக்கூடாது. ஒரு தடவை விட்டா அப்புறம் எல்லாத்துக்கும் அதையே காட்டுவான்" என்றார். ஜெஃபர்சனும் 1800இல் இதைக் கேலியாக எழுதியிருக்கிறார். நாட்டைக் காக்க வேண்டும், காக்கக் கப்பல் வேண்டும், கப்பலுக்குச் செம்பு வேண்டும், செம்புக்குச் சுரங்கம் வேண்டும், சுரங்கத்துக்குக் கம்பெனி வேண்டும், ஆகவே அரசாங்கம் கம்பெனி தொடங்கலாமாம்! அவர் ஓர் ஆங்கிலக் குழந்தைப் பாட்டோடு அதை ஒப்பிட்டார். நான் பெயர் மறந்த ஈயின் கதையைச் சொன்னேன். கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் ஆயனே என்று அறையே சேர்ந்து சொல்லிச் சிரித்தது.

இப்போது அந்தத் தாளுக்கு வாருங்கள். இன்றியமையாதது என்றால், இது இன்றி அது அமையாது. ஜெஃபர்சன் சொன்ன பொருள் அப்படியே அதுதான். 'தேவையான' என்று போட்டிருந்தால் ஹாமில்டன் பக்கம் சாய்ந்திருக்கும். உச்ச நீதிமன்றத்தில் 1819இல் தேசிய வங்கி தொடர்பான மெக்கல்லாக் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் இந்தச் சொல்லைத்தான் எடுத்துவைத்துக்கொண்டு பேசினார். அரசியலமைப்பின் வேறொரு இடத்தில் 'முற்றிலும் அவசியமான' என்று எழுதியிருக்கிறார்கள், இங்கே வெறும் 'அவசியமான' என்றுதான் இருக்கிறது, எனவே இரண்டும் ஒன்றல்ல என்று ஹாமில்டன் பொருளை உறுதி செய்தார். இருபத்தெட்டு வருடம் நாட்டின் பெரிய தலைகள் மோதிக்கொண்ட ஒரு கேள்வியில், கட்சி அரசியலே வேண்டாம் என்ற உங்கள் தாள் ஒரே சொல்லில் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டது. அதுவும் தோற்ற பக்கத்துக்கு!

கட்சியைப் பேசாமல் இந்த ஆவணத்தைப் படிக்க முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. 1787 செப்டம்பர் 17இல் 39 பேர் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள்களில் கட்சி என்ற பேச்சே கிடையாது. கட்சிகள் வந்தது, அதை எப்படி வாசிப்பது என்ற சண்டையிலிருந்து. பணம், பிரான்ஸ், பிரிட்டன், அடிமை முறை எல்லாம் அந்தச் சண்டைக்கு அடியில் இருந்தன. ஆனால் வெளியே கேட்ட வாதம் முக்கால்வாசி 'இதற்கு உங்களுக்கு அதிகாரம் எங்கே எழுதியிருக்கிறது' என்பதுதான்.

சண்டையிட்டவர்களில் பலர் அதை எழுதியவர்களேதான். அரசியலமைப்பை ஆதரித்து வெளிவந்த 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 51 ஹாமில்டனுடையவை, 29 மேடிசனுடையவை, மீதி 5 ஜான் ஜேயுடையவை. மூவரும் ஒரே புனைபெயரில் எழுதினார்கள். அதில் 44ஆம் கட்டுரையில் மேடிசன், ஒரு காரியத்தைச் செய்யச் சொன்னால் அதற்கான வழியையும் அனுமதித்ததாகவே பொருள் என்ற மாதிரி எழுதினார். மத்திய அரசுக்குத் தராத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்ற பத்தாம் திருத்தம் 1789இல் விவாதத்துக்கு வந்தபோது, 'வெளிப்படையாக' வழங்கப்பட்ட அதிகாரங்கள் என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார்கள். வேண்டாம், எல்லாவற்றையும் எழுத்தில் வைக்க முடியாது என்று மறுத்தவரும் அவர்தான். அதே மேடிசன் 1791இல் வங்கி எழுத்தில் இல்லை என்றார். 1816இல் குடியரசுத் தலைவராக உட்கார்ந்தபோது இரண்டாம் வங்கிக்குக் கையெழுத்தும் போட்டார்.

ஜெஃபர்சன் மட்டும் என்ன? 1803இல் பிரான்சிடமிருந்து லூசியானாவை 1.5 கோடி டாலருக்கு வாங்கும் வாய்ப்பு வந்தது. நிலம் வாங்கலாம் என்று எந்த வரியிலும் இல்லை. அது அவருக்கே உறுத்தியது, அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை வரைந்தும் பார்த்தார். நெப்போலியன் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம் வந்ததும் அதை மடித்து வைத்துவிட்டு, இந்தச் சிக்கலைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பதே நல்லது என்று நண்பர்களுக்கு எழுதினார். அக்டோபர் 20ஆம் தேதி செனட் 24க்கு 7 என்று ஒப்பந்தத்தை ஏற்றது. இப்போது 'எங்கே எழுதியிருக்கிறது' என்று கேட்டவர்கள் யார் தெரியுமா? ஹாமில்டன் கட்சிக்காரர்கள். (ஹாமில்டன் வாங்குவதை ஆதரித்தார், அது வேறு கதை.) இதைக் கேட்டதும் நம் வங்கிக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம ஆளும் இப்படித்தானா" என்றார்.

ஹாமில்டன் கட்சி கொண்டுவந்த 1798 தேசத்துரோகச் சட்டத்தைப் பற்றி ஒன்று மட்டும். அரசாங்கத்தையும் காங்கிரசையும் குடியரசுத் தலைவரையும் பழித்து எழுதினால் இரண்டு வருடம் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். பட்டியலைப் படித்துக் காட்டியபோது ஒருவர் கையைத் தூக்கி, "துணைத் தலைவரை விட்டுட்டாங்களே?" என்றார். மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே விட்டார்கள். துணைத் தலைவர் அப்போது ஜெஃபர்சன், எதிர்க்கட்சி. அவரை யார் வேண்டுமானாலும் திட்டலாம். சட்டம் காலாவதியாகும் நாளையும் அதிலேயே குறித்தார்கள்: 1801 மார்ச் 3, அடுத்த பதவிக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள். வெர்மான்ட் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன் இந்தச் சட்டத்தில் நான்கு மாதம் சிறைக்குப் போனார். உள்ளே இருந்தபடியே தேர்தலில் ஜெயித்தார். இதையெல்லாம் ஒரு தாளில் எப்படி அடக்குவீர்கள்?

சரி, பரீட்சைக்கு வருகிறேன். பெற்றோர் பாஸாக வேண்டும், அதில் எனக்கும் உங்களுக்கும் வித்தியாசமில்லை. புதிய முறையில் 20 கேள்வி கேட்டு 12 சரியாக இருக்க வேண்டும். 65 வயது தாண்டி, கிரீன் கார்டு வாங்கி 20 வருடம் ஆனவர்களுக்குத்தான் 20 கேள்விகள் கொண்ட சிறு பட்டியல். நம் வகுப்பில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. ஆனால் அந்த 128 கேள்விகளை நீங்கள் ஒரு முறை உட்கார்ந்து படித்தீர்களா? ஹாமில்டன், மேடிசன், ஜெஃபர்சன் மூவரைப் பற்றியும் தனித்தனியாகக் கேள்வி இருக்கிறது. ஹாமில்டனுக்கு ஏற்கப்படும் விடைகளில் ஒன்று, முதல் வங்கியை நிறுவ உதவினார் என்பது. ஜெஃபர்சனுக்கு ஏற்கப்படும் விடைகளில் ஒன்று, நாட்டின் பரப்பளவை இரட்டிப்பாக்கினார் என்பது. நீங்கள் வெட்டியது சரியாக அந்த இரண்டு வகுப்புகளை.

மனப்பாடம் அறுபத்தெட்டு வயதில் நிற்காது. கதை நிற்கும். பழைய முறையில் இன்டர்வியூவுக்குப் போன ஒரு அம்மாவிடம், ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை எழுதியவர்களில் ஒருவரைச் சொல்லுங்கள் என்று ஆபீசர் கேட்டிருக்கிறார். "மேடிசன். லேட்டர் ஹி சேஞ்ச்டு பார்ட்டி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் நம் அம்மா. ஆபீசர் சிரித்துவிட்டாராம். அந்தச் சிரிப்பைப் பற்றி எங்களிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

வரிவிலக்கு விஷயம் எளிது. 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பிரிவில் வரும் அமைப்பு ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யக் கூடாது. 1791இல் மேடிசன் என்ன பேசினார் என்று பாடம் எடுப்பது பிரசாரம் ஆகாது. ஹாமில்டன் இனி எங்கேயும் போட்டியிடப் போவதில்லை. இன்றைய கட்சிகளையோ வேட்பாளர்களையோ பற்றி வகுப்பில் யாராவது பேச்செடுத்தால் நானே நிறுத்திவிடுவேன், இதுவரையும் அப்படித்தான். உண்மையில் உங்களுக்குச் சிக்கல் தரக்கூடியது, இன்றைய கட்சிச் சின்னத்தை ஒரு தேசத் தலைவர் படத்தோடு ஒட்டி சங்கத்தின் பெயரில் அச்சடித்த தாள்தான்.

இவர்கள் எல்லோரும் முடிவில் கையைத் தூக்கி, அரசியலமைப்பை ஆதரிப்பேன், காப்பேன் என்று உறுதிமொழி எடுக்கப் போகிறவர்கள். அதில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு என்பது என் வகுப்பில் தெரிந்தது. உங்கள் தாளில் தெரியவில்லை.

குழுவிடம் நான் கேட்பது இவைதான்.

அலமாரியில் மீதி இருக்கும் படிகளை விநியோகிக்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கிப்போன குடும்பங்களுக்கு, அதில் தவறு இருக்கிறது என்று உங்கள் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்னை எழுதச் சொன்னால் எழுதித் தருகிறேன், கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

எட்டு வார வகுப்பில் நான்கு வாரம் வரலாறு இருந்தது. 28 கேள்விகள் கூடியிருப்பதால் நான்கு கேட்கவில்லை, மூன்று கொடுங்கள். வங்கிக்கு ஒன்று, லூசியானாவுக்கு ஒன்று, 1798க்கு ஒன்று. மீதியை நான் கேள்விப் பயிற்சியோடு சேர்த்துக்கொள்கிறேன்.

புதிய தாள் போடுவதானால் அச்சுக்குப் போகும் முன் வகுப்பு எடுக்கும் இருவருக்காவது காட்டுங்கள். 'நெசசரி' என்ற இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போட்டாலும், பக்கத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டு, இதன் பொருளில் தகராறு உண்டு என்று ஒரு வரி சேருங்கள். 'ஃபெடரலிஸ்ட்' என்பதை மொழிபெயர்க்கவே வேண்டாம், அப்படியே விடுங்கள்.

அடுத்த அணிக்கு வகுப்பு தொடங்க இன்னும் மூன்று சனிக்கிழமைதான் இருக்கிறது. முதல் சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும், அடுத்த மீட்டிங் வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் காபி அம்மா இந்த முறையும் வருகிறார், தன் சம்பந்தி அம்மாவைக் கூட்டிக்கொண்டு.

அப்புறம், அந்த யானையை முதலில் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்